சாவி யார் கொடுத்தது?

5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் சாலை விபத்துக்கே முதலிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதின்வயதுப் பிள்ளைகள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர மாடியிலிருந்து விழுந்தது, விளையாட்டில் கை முறிந்தது, தீக்காயம் என்று காரணங்கள் பல. ஸ்கூட்டர் சாவியை மட்டும் பெரியவர்களே எடுத்துக் கொடுக்கிறோம்.

"டியூஷனுக்குத்தானே, பதினாறு முடிஞ்சிடுச்சே, லைசென்ஸ் எடுத்துக்கலாம்" என்பார்கள். பாதிதான் உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 16 வயதில் அனுமதிப்பது 50 சிசி வரையிலான வண்டியை மட்டுமே. நம் வாசலில் நிற்பவை 110, 125 சிசி ஸ்கூட்டர்கள். மூட்டை ஏற்றும் எக்ஸ்எல்கூட 100 சிசியை ஒட்டியதுதான். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, 18 நிறையாத பிள்ளை குற்றம் செய்தால் தண்டனை பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோதான்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

சட்டத்தை விடுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவது, ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். மோட்டார் சைக்கிள் ஓட்டிகளைப் பற்றிய ஆய்வுகளின் தொகுப்பு, ஹெல்மெட் தலைக்காய அபாயத்தை 69 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறது. தாடைப் பட்டையை மாட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு. மாட்டாவிட்டால், தலை தரையைத் தொடுமுன் ஹெல்மெட் கழன்று ஓடிவிடும்.

மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் காயம் ஒன்று உண்டு. காதுக்குச் சற்று மேலே, பொட்டுப் பகுதியில் மண்டை ஓடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் கண்டு தமனி கிழிந்தால், மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கத் தொடங்கும். வெளியே சிராய்ப்புகூட இல்லாமல் இருக்கலாம். பையன் எழுந்து நிற்பான், தெளிவாகப் பேசுவான், வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வருவான். சில மணி நேரத்தில் தலைவலி கூடும். வாந்தி வரும், தூக்கம் அசத்தும், ஒரு கண்ணின் பாவை விரியும். சிடி ஸ்கேன் இதைக் காட்டிவிடும். நேரத்தோடு அறுவை சிகிச்சை செய்தால் பலரும் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

அந்த நேரத்தைத் தின்பது பயம். திட்டு விழும், போலீஸ் வரும் என்று பிள்ளை விழுந்ததையே மறைக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறது. சட்டை கிழிந்து, முழங்கை சிராய்ந்து வந்தால் முதலில் திட்டாதீர்கள், தலை அடிபட்டதா என்று கேளுங்கள். வாந்தி, குழறல், எழுப்ப முடியாத தூக்கம் இருந்தால் உடனே 108. பணம் இல்லையே என்றும் தயங்க வேண்டாம்: 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அரசு செலவில் நடக்கிறது.