கெல்லி துரையின் கோட்டையும் நம்மவர் கைவண்ணமும்

கெடாவின் தோட்டங்களில் வளர்ந்த நமக்குத் துரை பங்களா புதிதல்ல. மேட்டின் மேல், அகன்ற தாழ்வாரத்தோடு நிற்கும் வீடு அது. ஆனால், ஒரு துரை தம் பங்களாவைக் கோட்டையாகவே கட்ட முனைந்த கதை உங்களுக்குத் தெரியுமா? பேராக் மாநிலத்தில், கோப்பேங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையோரம் அது இன்றும் நிற்கிறது. அதுவே கெல்லி கோட்டை.

ஸ்காட்லாந்தில் 1870-இல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இருபது வயதில் மலாயா வந்தார். காடு வெட்டித் தோட்டம் போட்டார். ரப்பரிலும் ஈயத்திலும் பொருள் சேர்த்தார். 1909-இல் ஒரு வீடு கட்டினார். 1915-இல் மகன் பிறந்ததும், அதை ஒட்டிப் பெரிய மாளிகையைத் தொடங்கினார்.

அவர் பிறந்த நாட்டின் பழைய கோட்டைகள் கல்லால் ஆனவை. தடித்த சுவரும் சிறு சன்னலும் கொண்டவை. இங்கே எழுந்ததோ வேறு வகை. ஆறு மாடிக் கோபுரம் மேனாட்டுக் கோட்டையை நினைவூட்டும். வரிசையான வளைவுகளும் காற்றோட்டமான நடைகளும் இந்திய அரண்மனைகளை நினைவூட்டும். மின்தூக்கிக்கும் இடம் விட்டிருந்தார்கள். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. கட்டுவதற்குக் கொத்தனார்கள் மதராஸிலிருந்து வந்தார்கள். ஆம், நம்மவர்கள்தாம்!

அந்த வேலைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. முதல் உலகப் போரின் முடிவில் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் இங்கும் பரவியது. தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள், மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். துரையும் இசைந்தார். கோட்டைக்கு அருகே அக்கோயில் இன்றும் உள்ளது. அதன் மேல், தெய்வ உருவங்களுக்கிடையே நிற்கும் வெள்ளைக்காரர் உருவம் அவருடையதே என்கிறார்கள்.

1926-இல் துரை லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறவே இல்லை. மனைவி சொத்தை விற்றுவிட்டார்.

ஈப்போ பக்கம் போனால் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பூச்சில்லாத சுவர்களில் செங்கல் வரிசையைக் காட்டுங்கள். கோட்டை துரையின் பெயரைச் சொல்கிறது. கல் அடுக்கியவர்களின் பெயரை யார் சொல்வது? நம் தோட்டங்களிலும் கோயிலையும் பள்ளியையும் எழுப்பியவர்கள் உண்டு. பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பெயர்களைக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.