துரை பங்களாவின் பின்கதவு வழியே

மெதுவாக உள்ளே வாருங்கள், காலடியில் ஒயர் கிடக்கிறது! குட்டிக்கானத்தைத் தாண்டி பீர்மேடு போகிற வழியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள் காலி செய்துவிட்டுப் போன பழைய லயம் இது. உள்ளே ஓர் அரசியல் தொடரின் படப்பிடிப்பு. என்னை அனுமதித்ததே பெரிய விஷயம். நெஞ்சு இன்னும் படபடக்கிறது.

இந்த ஊர்ப் பையன்கள் யூடியூபுக்காக எடுக்கிறார்கள். தலைப்பு இன்னும் வைக்கவில்லை. 2024-ல் வசந்தபாலனின் 'தலைமைச் செயலகம்' வந்தபோது, முதல்வராக நடித்த கிஷோரை விடிய விடியப் பார்த்தவர்கள். "நம்ம மலையில அந்த நாற்காலி எங்கடா இருக்கு?" என்று யோசித்திருக்கிறார்கள். யூனியன் ஆபீசில்தான் என்று முடிவானது.

இன்றைய காட்சி, போனஸ் பேச்சுவார்த்தைக்கு முந்தின ராத்திரி. இருபது சதவீதம் வாங்கிவரச் சொல்லித் தொழிலாளிகள் அனுப்பிய தலைவர், யாருக்கும் தெரியாமல் எஸ்டேட் மானேஜரான துரையின் பங்களாவுக்கு வருகிறார். மகனுக்கு எஸ்டேட் ஆபீசில் வேலை. பதிலுக்கு ஒரு கையெழுத்து.

பங்களா எங்கே என்கிறீர்களா? இதோ, இந்த ஒற்றைச் சுவர்தான்! கேமராவுக்குத் தெரிகிற பாதிக்கு மட்டும் வெள்ளை அடித்திருக்கிறார்கள், மறுபாதியில் பாசி. துரையின் கிளாசில் இருப்பது கட்டஞ்சாயா. கம்பளிக் கோட்டுக்குள் அவர் வியர்த்து வழிய, ஒரு பையன் அட்டையால் விசிறுகிறான். திடீரென்று ஜன்னல் வழியே மஞ்சு புகுந்து துரையையே மறைத்துவிட, எல்லோரும் கைகட்டி நிற்கிறோம். வாடகைக்கு எடுத்த புகை மெஷின் மூலையில் சும்மா கிடக்கிறது.

தலைவராக நடிப்பவர் நிஜத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்ற வசனம் மட்டும் அவர் வாயில் வரவே மாட்டேன் என்கிறது. காரணம் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறது: கூட்டக் காட்சிக்காக வந்த கொழுந்து பறிக்கிற அக்காமார்கள், வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்க்கிறார்கள். மூன்றாவது டேக்கும் போனபோது ஒருவர் குரல் கொடுத்தார்: "சும்மா சொல்லு தம்பி, நாங்க கேக்காததா?" லயமே அதிரும்படி சிரிப்பு. அடுத்த டேக் ஓகே!

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது! 2000-லிருந்து இந்த வட்டாரத்தில் எஸ்டேட்கள் மூடிக் கிடந்தபோது, கிராஜுவிட்டிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் யூனியன் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று நாடே பேசியது. ஒன்பது நாள். போனஸ் 8.33 சதவீதம், கருணைத்தொகை 11.67, கேட்ட இருபதும் கைக்கு வந்தது. தலைவர்கள் கம்பெனியோடு கைகோத்துவிட்டார்கள் என்பதுதான் அவர்களுடைய முதல் கோபம்.

இந்தப் பையன்கள் தலைவரை வெறும் வில்லனாக்கவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் அவர் மகனின் சர்டிபிகேட் ஃபைலைத் தடவிப் பார்க்கிறார். பார்த்த எனக்குத் தொண்டை அடைத்தது. மன்னிக்கத் தோன்றவில்லை, ஆனால் அந்தக் கை ஏன் நடுங்கியது என்று புரிந்தது.

அடுத்து பெண்கள் காட்சி. குரல் கொடுத்த அக்காவிடம் மடிப்புக் கலையாத புதுச்சேலையை நீட்டினால், "இதக் கட்டிக்கிட்டு எவ மலைக்குப் போவா?" என்று தள்ளிவிட்டார். வசனத் தாளையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நாங்க இப்படியெல்லாம் அழ மாட்டோம். நான் சொல்றேன், எழுதிக்கோ." வசனம் எழுதும் பையன் பேனா தேடி ஓடுகிறான்!