ஒரே காற்று, மூன்று ஆராய்ச்சி

(மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன், கொல்லிமலை)



'ஆராய்ச்சி' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை, அமெரிக்கா! அதற்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவு கட்டி விடுகிறோம். நாம் டிப்ளமோ ஆயிற்றே! படிப்பு முடிந்தால் ஒரு கம்பெனி, ஒரு ஷிப்ட், மாதம் பிறந்தால் சம்பளம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எனக்கும் ரொம்ப நாளாக அந்த எண்ணம்தான் இருந்தது.

அது சரியா தவறா என்று பார்க்கலாம், வாருங்கள். அதற்காக ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று துறைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மின்சாரம், ஒன்று நட்சத்திரம், ஒன்று மீன். "என்னடா இது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறானே?" என்கிறீர்களா? முடிச்சு இருக்கிறது. அது நாம் மூச்சு விடும் காற்று!

காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். ஹீலியம் என்ற வாயுவும் இருக்கிறது, ஆனால் பத்து லட்சம் பங்கில் 5 பங்குதான். இந்த மூன்று பேரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியனில் கண்டெடுத்த வாயு

ஹீலியத்தை மனிதன் முதலில் கண்டது பூமியில் இல்லை, சூரியனில்! அதுவும் நம் தென்னிந்தியாவில் நின்று பார்த்தபோது.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு பிரான்ஸிலிருந்து ஜான்சென் என்ற விஞ்ஞானி வந்து சேர்ந்தார். சென்னை வான் நோக்ககத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவியோடு காத்திருந்தார். சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தால் வண்ணக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள். மனிதனுக்குக் கைரேகை மாதிரி என்று வையுங்களேன். அன்றைக்குத் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு முதலில் சோடியம் என்றே பலருக்கும் பட்டது. ஆனால் அது சோடியத்தின் இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை. இங்கிலாந்தில் லாக்கியர் என்பவர் அதை மேலும் ஆராய்ந்து, இது புதிய தனிமம் என்றார். சூரியனுக்குக் கிரேக்க மொழியில் ஹீலியோஸ். அதனால் ஹீலியம்! பூமியில் அது அகப்பட்டது 1895-ல்தான். ராம்சே என்பவர் யுரேனியம் கலந்த ஒரு தாதுவிலிருந்து அதைப் பிரித்தார்.

"சரி, சூரியனில் ஏதோ வாயு இருந்தால் எனக்கென்ன?" என்று ஒருவர் அன்றைக்குக் கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. பதில் வர நாற்பது வருடம் ஆயிற்று.

தடையே இல்லாத கம்பி

1908-ல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் என்ற பேராசிரியர் ஹீலியத்தைக் குளிரவைத்துத் திரவமாக்கினார். திரவ ஹீலியம் கொதிப்பது மைனஸ் 269 டிகிரியில். அந்தக் குளிரில் உலோகத்தின் மின்தடை என்ன ஆகும் என்று பார்க்க 1911-ல் பாதரசத்தை வைத்துச் சோதித்தார்கள். தடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று எதிர்பார்த்திருக்க, 4.2 கெல்வினில் திடீரென்று பூஜ்யமாகிவிட்டது! குறைந்தது இல்லை, காணாமலே போய்விட்டது. இதுதான் மீக்கடத்தி.

மின்னியல் படிக்கிற நண்பர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. கம்பியில் வீணாகும் சக்தி, மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது. கரண்ட் இரண்டு மடங்கானால் நஷ்டம் நாலு மடங்கு. அடிவாரத்திலிருந்து எங்கள் மலைக்குக் கம்பியில் ஏறி வரும் கரண்ட், வழியெல்லாம் கம்பியைச் சூடாக்கிக்கொண்டேதான் வருகிறது. தடை பூஜ்யம் என்றால் நஷ்டமும் பூஜ்யம்.

அப்படியானால் ஏன் இன்னும் அலுமினியக் கம்பியையே கட்டுகிறோம்? குளிர்தான் பிரச்சினை. ஹீலியம் அரிதானது, விலையும் அதிகம். 1986-ல் சூரிச் நகருக்கு அருகே பெட்நார்ஸ், முல்லர் என்ற இருவர் உலோகத்தை விட்டுவிட்டு, பீங்கான் வகைப் பொருள் ஒன்றில் மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு வருடமே அவர்களுக்கு நோபல் பரிசு. அதே 1987-ல் அமெரிக்காவில் இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பொருள் சுமார் 93 கெல்வினிலேயே மீக்கடத்தியானது. இதில் என்ன விசேஷம் என்றால், திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். அதாவது ஹீலியம் வேண்டாம், காற்றில் நிறைந்து கிடக்கிற நைட்ரஜனே போதும்!

அதைச் செய்யும் முறையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பொடிகளை அளந்து, உரலில் இட்டு நன்றாக அரைத்து, வில்லையாக அழுத்தி, 900 டிகிரிக்கு மேல் உலையில் சுட்டு, ஆக்சிஜனைச் செலுத்திக்கொண்டே மெதுவாக ஆறவிட வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் வில்லை வெறும் கறுப்பு ஓடுதான், மீக்கடத்தி ஆகாது. பீங்கான் அல்லவா, வளைத்தால் உடையும். கம்பியாக இழுப்பது கஷ்டம். அந்தக் கஷ்டத்தையும் தாண்டி ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-ல் சுமார் 1 கிலோமீட்டர் மீக்கடத்திக் கேபிளை மின்வலையில் இணைத்துக் காட்டினார்கள். குளிரே வேண்டாத மீக்கடத்தி கிடைத்துவிட்டது என்று 2023-ல் கொரியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. மற்ற ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. யார் சொன்னாலும் திரும்பச் செய்து பார்ப்பதுதான் விஞ்ஞானம்.

நம் ஊரில்? கல்பாக்கத்து இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்குவிட் என்ற மீக்கடத்திக் கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மிக மெல்லிய மின்காப்புப் படலம், இதுதான் அதன் அடிப்படை. நம் மூளை வேலை செய்யும்போது உண்டாகும் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தில் பல கோடியில் ஒரு பங்கு. அதையும் இந்தக் கருவி அளக்கும்! ஆனால் வெளிக் காந்தம் உள்ளே வராத தனி அறை வேண்டும். திரவ ஹீலியம் ஆவியாகாமல் நிற்கும் பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரத்தில் ஓர் இணைப்பு கசிந்தாலும் ஆராய்ச்சி நின்றுவிடும்.

எங்களைப் போல இன்னொரு மலை

அடுத்து நட்சத்திரம். ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊர். எங்கள் கொல்லிமலை மாதிரியே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலை. உயரம் சுமார் 700 மீட்டர்தான். எங்கள் மலை அதைவிட உசரம்! ஆனால் டெலஸ்கோப்புக்கு உயரம் மட்டும் போதாது. மேகமில்லாத இரவுகள் வேண்டும், பக்கத்தில் பட்டண வெளிச்சம் கூடாது, காற்று அலையாமல் நிற்க வேண்டும். நட்சத்திரம் கண் சிமிட்டுகிறது என்று பாட்டுப் பாடுகிறோமே, சிமிட்டுவது நட்சத்திரம் இல்லை. நடுவில் இருக்கிற காற்றின் அலைச்சல்தான் அப்படிக் காட்டுகிறது. மீனுக்கு உயிர் கொடுக்கிற காற்று வானவியலாருக்கு எதிரி!

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் இங்கிருந்து வட வானத்தையும் பார்க்கலாம், தென் வானத்தில் பெரும்பகுதியையும் பார்க்கலாம். 1957-ல் வில்சன் என்பவருடன் சேர்ந்து அவர் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார். நட்சத்திர ஒளியில் கால்சியம் தரும் கோட்டின் அகலத்தை அளந்தால் அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரியும். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், நம் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தைச் சொல்லிவிடலாம். இன்றைக்கும் அதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்றே பெயர்.

காவலூரில் 1968-ல் வேலை தொடங்கியது எதைக் கொண்டு தெரியுமா? கொடைக்கானல் நோக்ககத்தில் சொந்தமாகவே செய்த 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்! 1972-ல் 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று உலகமே காத்திருந்தது. மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சில தடவை மினுக்கென்று மங்கித் தெளிந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள்! அமெரிக்கர்கள் பறக்கும் விமானத்திலிருந்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அதே இரவில் காவலூர் டெலஸ்கோப்பும் மங்கலைப் பதிவு செய்திருந்தது. 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பாப்புவின் பெரிய கனவு 2.34 மீட்டர் டெலஸ்கோப். கண்ணாடி வட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆனால் அதைத் தேய்த்து மெருகேற்றி வடிவம் கொடுத்தது பெங்களூரில். இரும்பு உடலைச் செய்தது மகாராஷ்டிராவின் வால்சந்த்நகரில். அது முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 1982-ல் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ்காந்தி அந்த டெலஸ்கோப்புக்கும் நோக்ககத்துக்கும் வைணு பாப்புவின் பெயரையே சூட்டினார்.

மூச்சு வாங்க மேலே வரும் விரால்

இப்போது மீன். எங்கள் மலையில் அறப்பளீசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் ஆற்று மீன்களுக்கு இரை போடுவார்கள். ஐயாற்றுத் தண்ணீர் பாறையில் விழுந்து புரண்டு ஓடுவதால் காற்று நன்றாகக் கலக்கும். குளிர்ந்த தண்ணீர் ஆக்சிஜனை அதிகம் பிடித்து வைக்கும். அங்கே மீனுக்குச் செவுளே போதும்.

கீழே சமவெளிக் குளத்தில் கதை வேறு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. வெதுவெதுப்பான ஒரு லிட்டர் நல்ல தண்ணீரிலேயே கரைந்திருப்பது சுமார் 6 மில்லிலிட்டர்தான். கோடையில் சேறும் பாசியும் சேர்ந்தால் அதுவும் இல்லை. கெண்டை செத்து மிதக்கும், விரால் மட்டும் துள்ளும்! காரணம், விராலுக்குச் செவுளுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி, அந்த அறையில் வைத்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதற்கு இது வசதி இல்லை, கட்டாயம். மேலே வரவிடாமல் வலையால் தடுத்தால், மீனாக இருந்தும் தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் சாகும்! பனையேறிக் கெண்டைக்கும் இதுபோல் ஓர் உறுப்பு உண்டு. 1791-ல் தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்தில் அந்த மீனைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியது லண்டன் சஞ்சிகை ஒன்றில் 1797-ல் அச்சானது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி.ஜே. பாண்டியன், 1984-ல் பட்நாகர் விருது பெற்றவர். விரால் வகை மீன்கள் மூச்சுக்காக மேலே வந்து போவதற்கு எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அவரும் அவர் மாணவர்களும் 1970-களில் ஆராய்ந்தார்கள். நாமே ஒரு கணக்குப் போடலாம். மீன் மணிக்குப் பத்து தடவை மேலே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 240 தடவை. தண்ணீர் 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால் போக வர மொத்தம் 144 மீட்டர். 2 மீட்டர் ஆழம் என்றால் 960 மீட்டர்! தின்ற இரையெல்லாம் நீச்சலுக்கே போனால் உடம்பு எப்படி வளரும்? அதனால் விராலை ஆழம் குறைந்த தண்ணீரில் வளர்ப்பது லாபம். நம் மின்னியல் பாஷையில் சொன்னால், இதுவும் ஒரு லைன் லாஸ்தான்! தொட்டி, அளவுகோல், தராசு, பொறுமை, இவ்வளவும் இருந்தால் செய்யக்கூடிய ஆராய்ச்சி.

நம் இடம் எங்கே?

நண்பர்களே, மூன்று கதையையும் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கேள்வி கேட்ட விஞ்ஞானி ஒருவர் இருக்கிறார். கூடவே கண்ணாடி தேய்த்தவர், பாத்திரத்தைக் கசியாமல் வெல்டிங் செய்தவர், உலையின் சூட்டைக் காத்தவர், தொட்டியில் நீர்மட்டம் பார்த்தவர் என்று நம்மைப் போன்ற கைகளும் இருக்கின்றன. அவர்கள் பெயர் புத்தகத்தில் வருவதில்லை. ஆனால் அவர்கள் கை ஒரு மில்லிமீட்டர் தவறினால் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை. மெக்கானிக்கல் நண்பர்கள் லேத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கும்போதும், நாங்கள் லேபில் தடையை அளந்து நோட்டில் எழுதும்போதும் செய்வது இதே வேலைதான். கல்பாக்கத்தில் டிப்ளமோ படித்தவர்களைப் பயிற்சியாளராக எடுக்கும் முறையும் உண்டு.

ஆனால் லேபில் நாம் என்ன செய்கிறோம்? முந்தின வருட ரெக்கார்டைப் பார்த்து ரீடிங்கை அப்படியே எழுதுகிறோம். மஞ்சள் கோடு சோடியத்தின் இடத்தில் பொருந்தாதபோது, "கிட்டத்தட்ட வந்துவிட்டது, போதும்" என்று எழுதியிருந்தால் ஹீலியம் கிடைத்திருக்காது. ரீடிங் பொருந்தாத இடத்தில்தான் புதிய உண்மை ஒளிந்திருக்கிறது. ஆகவே நண்பர்களே, அடுத்த முறை நம் மீட்டர் காட்டுவது புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அழித்து எழுத வேண்டாம். இணைப்பைச் சரிபார்ப்போம், மறுபடி அளப்போம், அப்படியும் வந்தால் வந்ததை வந்தபடி எழுதுவோம். ஏன் என்று ஆசிரியரைக் கேட்போம். ஆராய்ச்சிக்கு முதல் படி அதுதான். அந்தப் படியில் ஏற யாருக்கும் தடையில்லை!