படகு யந்திரத்தின் காலைச் சோம்பல்

விடியுமுன் புறப்படும் மீன்பிடி படகுக்கு மிகவும் அபாயமான இடம் நடுக்கடலன்று. கரையருகே அலை உடையும் அந்தச் சிறு தூரமேயாகும். அங்கே யந்திரம் இருமி நின்றுவிடுமாயின், அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடக்கூடும். ஆதலால், சோழமண்டலக் கரையில் பைபர் படகுகளின் பின்புறம் பொருத்தப்படும் மண்ணெண்ணெய் யந்திரம் நிற்காமல் மெல்லச் சுற்றுவது, அதாவது ‘ஐடிலிங்’ என்பது, சௌகரியத்தைப் பற்றிய விஷயமன்று; உயிரைப் பற்றியது.

நம் கடற்கரையில் குளிர் ஏது என்று நேயர்கள் கேட்கலாம். பனி பெய்ய வேண்டியதில்லை. இரவெல்லாம் ஓய்ந்திருந்த உலோகமே எரிபொருளுக்குப் போதிய குளிர்ச்சியாகும். பம்பு அடுப்பு வைத்திருந்த இல்லத்தரசிகள் இதை நன்கு அறிவர். ஸ்பிரிட்டை எரித்து அடுப்பின் தலையைச் சூடாக்காமல் பம்பு அடித்தால், மண்ணெண்ணெய் ஆவியாகாமல் மஞ்சள் ஜுவாலையாக எழுந்து பாத்திரத்தைக் கரியாக்கும். யந்திரமும் அப்படியே. அதனால்தான் பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். கரை சேருமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துவோர் விவேகிகள். மறுநாட் காலையில் கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோலே காத்திருக்கும்.

கார்புரேட்டரின் வேலை யாது? குறுகிய குழாயில் விரையும் காற்று, ஊசித் துவாரத்தின் வழியே எரிபொருளை இழுத்துத் தூவுகிறது. 1893-இல் ஹங்கேரி நாட்டில் டோனாட் பான்கி, யானோஷ் சோங்கா என்னும் இருவர் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய, எடையளவில் ஏறக்குறைய 15 பங்கு காற்று தேவை. குளிர்ந்த யந்திரத்திலோ தூவிய எரிபொருளில் ஒரு பகுதி குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. அந்த நஷ்டத்தை ஈடு செய்யவே, காற்றைச் சிறிது அடைக்கும் ‘சோக்’ இருக்கிறது.

இதை மறந்து, காலையில் யந்திரம் நின்றவுடனே திருப்புளியை எடுப்பவர் பலர். கலவைத் திருகைத் திருப்பி எரிபொருளை மிகுதியாக்கினால் அப்போதைக்கு யந்திரம் ஓடும். சூடேறியதும் பிளக்கில் கரி படிந்து, வேகத்தைக் குறைக்கும் வேளையில் நின்றுவிடும். த்ராட்டில் திருகை முடுக்கி வேகத்தை உயர்த்துவோருக்கோ, கியர் போடும்போதெல்லாம் ‘தடக்’கென்று பற்கள் மோதித் தேயும்.

நேரான முறை வேறு. யந்திரத்தை நீரில் இறக்கியே ஓட்டல் வேண்டும். நீரின்றி ஓடினால் குளிர்விக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரம் வெகு விரைவில் கெட்டுவிடும். படகைத் துறையில் இறுகக் கட்டி, விசிறியருகே ஒருவரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, யந்திரத்தை நன்றாகச் சூடாக்கிச் சோக்கை முழுதும் விடுவிக்க வேண்டும். பிறகு முன் கியரில் மெல்ல ஓடவிட்டு, கலவைத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறுத்துக் கவனிக்க வேண்டும். எரிபொருள் குறைந்தால் யந்திரம் தும்மும். மிகுந்தால் கனத்துத் தடுமாறும். இரண்டுக்கும் நடுவே சீராக ஓடுமிடமே சரியான இடம். கடைசியாகத்தான் த்ராட்டில் திருகு. வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 1,000 சுற்றை ஒட்டியிருக்கும். யந்திரத்தின் கையேடு கூறும் கணக்கே பிரமாணம். சில யந்திரங்களில் கலவைத் திருகு காற்றை அளக்கிறது, சிலவற்றில் எரிபொருளை. எந்தப் பக்கம் திருப்பினால் எது மிகும் என்பதையும் கையேட்டிலேயே முதலில் பார்த்துக்கொள்ளல் நலம்.

காலைக் குளிருக்குச் சோக்கும் சில நிமிஷப் பொறுமையுமே மருந்து, திருகு அதற்கன்று. தூக்கம் கலையாத பிள்ளையிடம் வாய்ப்பாடு கேட்டு, அவனுக்குக் கணக்கு வராது என்று எந்த உபாத்தியாயரும் முடிவு கட்டுவதில்லை. யந்திரத்துக்கும் அந்த நியாயத்தை வழங்குவோமாக.