மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தச் செயலி?

தீப்பெட்டி ஆபீசுக்கு அம்மா காலையிலேயே கிளம்பிவிடுகிறார். அப்பா லோடு வண்டியிலோ மில்லிலோ. வீட்டில் ஆச்சியும் மூன்று வயதுப் பேரனும், அவன் கையில் ஒரு போனும். கோவில்பட்டியைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் பகல் பொழுது இப்படித்தான் போகிறது. எல்.கே.ஜி. சேர்க்கை நெருங்கினால் "பிள்ளைக்கு எந்த ஆப் நல்லது?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். இதைக் கேட்கும் பெற்றோர் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பதில் சொல்ல முந்துகிறவர்கள் பெரும்பாலும் சந்தா விற்க வந்தவர்கள்.

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. அப்படியானால் பத்துச் செயலிகளுக்கு அங்கே இடமில்லை. ஒன்றோ இரண்டோ போதும். அந்த ஒன்றைப் பார்த்து எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளுக்கான 135 செயலிகளைச் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வடிவில் விளம்பரம் இருந்தது. பெரியவர்களுக்கு வரும் விளம்பரம் வேறு, இது வேறு. விளையாட்டின் நடுவே ஒரு பரிசுப் பெட்டி துள்ளும். துள்ளுவதைத் தொட வேண்டும் என்றுதான் அந்த விளையாட்டு அதுவரை பிள்ளைக்குப் பழக்கியிருக்கும். தொட்டால் வேறொரு செயலி இறங்கத் தொடங்கும், அல்லது பணம் கேட்கும் பக்கம் திறக்கும். மூன்று வயதுக்கு விளம்பரம் எது, பாடம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்த அறியாமையை வைத்துச் சம்பாதிப்பதை என்னால் வியாபாரம் என்று ஏற்க முடியவில்லை. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கு 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் நீங்களே விளையாடிப் பாருங்கள். அப்புறம் நெட்டை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். நெட் இல்லாமலும் ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது.

விளையாடும்போது வேண்டுமென்றே தப்பாகச் செய்யுங்கள். 'அ' எழுதப் பழக்கும் செயலிகள் நிறைய உண்டு. புள்ளிகளின் மேல் விரலை இழுத்தால் எழுத்து வண்ணமாக நிறையும். வாலில் தொடங்கி மேலே போங்கள், அல்லது விரலைக் கன்னாபின்னாவென்று தேயுங்கள். அப்போதும் நட்சத்திரம் கொட்டிக் கைதட்டல் கேட்டால் அது எழுத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை, தேய்க்கத்தான் பழக்குகிறது. உச்சரிப்பையும் காது கொடுத்துக் கேளுங்கள். 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ல' வந்தால் அப்போதே நீக்கிவிடலாம்.

நல்ல செயலி எப்படி இருக்க வேண்டும் என்று 2015-ல் கேத்தி ஹிர்ஷ்-பாசெக் உள்ளிட்ட உளவியலாளர்கள் எழுதினார்கள். பிள்ளையின் மூளை வேலை செய்ய வேண்டும். கவனம் சிதறக் கூடாது. பாடம் அதன் வாழ்க்கையோடு ஒட்ட வேண்டும். இன்னொரு மனிதரோடு பேச வைக்க வேண்டும். கடைசி இரண்டில்தான் பல செயலிகள் தோற்கின்றன. பனிமனிதனையும் ஸ்ட்ராபெரியையும் காட்டி எண்ணச் சொல்கின்றன. நம் பிள்ளை பார்ப்பது உளுந்து, கம்பு, மக்காச்சோளம், வெடித்த பருத்தி. திரையில் மூன்று என்று தொட்டவன், ஆச்சி சுளகில் புடைக்கும் உளுந்தில் மூன்றை எடுத்து வைக்கும்போதுதான் மூன்று அவனுக்குச் சொந்தமாகிறது. கரிசல் ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழே பால்வாடியில்தான் அழுத்தமாக அறிமுகமாகிறது. அவர்களிடம் எடுத்த எடுப்பில் ஆங்கிலம் மட்டும் பேசும் செயலியைக் கொடுப்பது நியாயமில்லை.

என் தேர்வைக் கேட்டால் முதலில் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய இணையக் கதை நூலகம். தமிழில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். பெரியவர் வாசிக்க, பிள்ளை படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும். அடுத்தது டக்ஸ் பெயின்ட். 2002-ல் வந்த இலவச வரைபலகை மென்பொருள், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். பெரிய பொத்தான்கள், தொட்டால் ஒலி. சேமிக்கக் கோப்புப் பெயர் கேட்காது. வரைந்த படங்கள் சின்னச் சின்னப் படங்களாகவே திரும்ப வரும், வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. இதற்குப் புதுக் கணினி வாங்க வேண்டாம். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று சித்தியோ மாமாவோ படித்து முடித்த வீட்டில் பீரோ மேல் கிடக்கும். அது இன்னும் ஓடினால் போதும். ஆங்கில வழியில் சேர்ப்பவர்களுக்கு கான் அகாடமி கிட்ஸ் உண்டு. விளம்பரமும் சந்தாவும் கிடையாது. கூகுளின் ரீட் அலாங்கில் தமிழ் இருக்கிறது, ஆனால் அது வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு. எல்.கே.ஜி.யில் அவசரப்பட வேண்டாம்.

வருடச் சந்தாவுக்குக் கேட்கும் பணத்தைத் தயங்காமல் மறுக்கலாம். அந்தக் காசில் கதைப் புத்தகம் வாங்கலாம். 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற சிறார் எழுத்தாளர் உதயசங்கர் கோவில்பட்டிக்காரர்தான். அங்கன்வாடிகளில் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. அது பிள்ளையை ஓடவும் பாடவும் சொல்கிறது. டீச்சரிடம் இந்த வாரம் என்ன பாட்டு என்று கேட்டு, அதையே வீட்டில் பாடினால் எந்தச் செயலியும் அதற்கு ஈடில்லை.

இன்னொரு வேலையும் இந்த ஊரால் முடியும். பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தார். கதை சொல்லத் தெரிந்த ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், டக்ஸ் பெயின்டும், பிள்ளைகளுக்கான கல்வி விளையாட்டுகள் கொண்ட ஜீகாம்ப்ரியும் திறந்த மூல மென்பொருள்கள். யாரும் மொழிபெயர்க்கலாம், ஜீகாம்ப்ரிக்குக் குரலும் பதிந்து கொடுக்கலாம். கோவில்பட்டி கே.ஆர். நகரில் 1984 முதல் நேஷனல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் இறங்கி, நம் ஊர்க் குரலில் எண்களையும் எழுத்துகளையும் பதியலாம், ஆச்சிமாரின் கதைகளை ஒலிப்பதிவாக்கிப் பால்வாடிகளுக்குக் கொடுக்கலாம். ஆசிரியர் யாராவது முன்னால் நின்றால் வரும் கோடையிலேயே தொடங்கிவிடலாம்.