சாமி மலையேறும் நேரம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்பவர்களுக்கு அதிகாலைத் தூக்கம் கிடையாது. முடிச்சூரிலும் வண்டலூரிலும் கூடுவாஞ்சேரியிலும் தெருவுக்கு ஓர் அம்மன் கோயில். கோயிலுக்கு நான்கு ஒலிபெருக்கி. ஏரியும் வயலுமாய் இருந்த நிலத்தில் இன்று மாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. 2021-ஆம் வருஷத்தில் தாம்பரம் மாநகராட்சியாகவே உயர்ந்துவிட்டது. ஊர் எவ்வளவு மாறினாலும் எல்லைத் தெய்வங்கள் மட்டும் இடத்தைக் காலி செய்வதாக இல்லை. கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமையன்று பம்பையும் உடுக்கையும் முழங்கத் தொடங்கியதும், கூட்டத்தில் அதுவரை வாய் திறவாமல் நின்றிருந்த ஒரு பெண்மணி திடீரென்று கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பிக்கிறாள். முதல் நாள்வரை அவள் யாரோ ஒருவருடைய மருமகள். ஏதோ ஒரு காரியாலயத்தில் கணக்கெழுதுகிறவள். இப்போது அவள் மனுஷியே அல்ல.

"தாயே, வந்திருப்பது யார்?" என்று பூசாரி கேட்கிறார்.

"நான்தாண்டா அங்காளி வந்திருக்கேன்!"

"என்ன குறை தாயே? பிள்ளைகள் என்ன தப்புச் செய்தோம்?"

"மூணு வருஷமா என் வாசல்ல விளக்கு இல்லே. யாருடா கேட்டீங்க?"

ஊரில் பெரிய மனிதர் என்று பெயர் எடுத்தவர்கூட இந்த 'டா'வுக்குக் கோபித்துக்கொள்வதில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "உத்தரவு தாயே!" என்கிறார். மாமியார் கற்பூரம் ஏற்றுகிறாள். கணவன் கைகூப்பி நிற்கிறான். மற்ற நாட்களில் அந்த வீட்டில் அவள் குரலை இவ்வளவு கவனமாகக் கேட்டவர்கள் உண்டா என்று நாம் விசாரிக்கப் போவதில்லை. நேயர்களில் மருமகள்மாராக இருப்பவர்களுக்கு விடை தெரிந்திருக்கும்.

தம்மை மனிதரல்லாத வேறோர் உயிராக உணர்கிறவர்களைப் பற்றி மேனாட்டுப் பத்திரிகைகள் சில வருஷங்களாக விஸ்தாரமாக எழுதி வருகின்றன. உள்ளத்தால் தாம் ஓநாய் அல்லது பூனை என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு அங்கே 'தேரியன்' என்று பெயர். வனதேவதை, நாகம் முதலிய புராண ஜீவன்களாகத் தம்மைக் கருதுகிறவர்களை 'அதர்கின்' என்கிறார்கள். 1990-ஐ ஒட்டிய வருஷங்களில், கணினி வழியே கடிதம் எழுதிக்கொண்ட சிறு கூட்டங்களில் இந்தப் பெயர்கள் பிறந்தன. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பு மனித உடம்புதான் என்பது நன்றாகத் தெரியும். உள்ளே இருப்பது வேறு என்பதே அவர்கள் கட்சி. இதைக் கேலி செய்வதற்கென்று பிறந்த வதந்திகளும் உண்டு. பூனையாகத் தம்மை எண்ணும் மாணவர்களுக்காகப் பள்ளிக்கூடங்களில் மணல் தட்டு வைத்திருக்கிறார்கள் என்று 2022-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. விசாரித்ததில் அப்படி ஒரு பள்ளிக்கூடமும் அகப்படவில்லை.

நமது தேசத்தில் இந்தச் செய்தியைப் படித்துச் சிரிக்கிறவர்கள் பலர். ஆனால் ஆடிமாதத்துத் தாம்பரத்தை ஓர் அமெரிக்கர் வந்து பார்த்தால் அவரும் சிரிக்கக்கூடும். இரண்டு சிரிப்பும் அவசரச் சிரிப்பு என்பது நமது அபிப்பிராயம். பார்க்க வேண்டிய வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது.

தமிழில் ஓர் அழகான சொல் வழக்கு உண்டு. ஆடிய உடம்பிலிருந்து தெய்வம் நீங்குவதை, "சாமி மலையேறிவிட்டது" என்பார்கள். கேள்வி கேட்டாயிற்று, வாக்குச் சொல்லியாயிற்று, நெற்றியில் விபூதி பூசியாயிற்று. அம்மன் தன் இருப்பிடம் திரும்புகிறாள். ஆடியவள் சோர்ந்து உட்கார்ந்து, மஞ்சள் நீரில் முகம் கழுவி, "கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்கிறாள். கால்மணி நேரத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். சாமியை வரவழைப்பதற்குப் பம்பைக்காரர் எவ்வளவு பாடுபடுகிறாரோ, அவ்வளவு அக்கறையோடு அதை வழியனுப்பிவைக்கவும் பூசாரி அறிந்திருக்கிறார். வருகிற வாசல் எல்லாத் தேசத்திலும் இருக்கிறது. போகிற வாசலையும் சேர்த்துக் கட்டி வைத்ததில்தான் நம் முன்னோர்களின் புத்திக் கூர்மை இருக்கிறது.

இதன் முழு விஸ்தாரத்தைக் காண விரும்புகிறவர்கள் தூத்துக்குடி ஜில்லாவில் உள்ள குலசேகரன்பட்டினத்துக்குப் போக வேண்டும். புரட்டாசியில் நடக்கும் தசராவுக்கு முத்தாரம்மன் கோயிலில் லட்சக் கணக்கானவர்கள் கூடுகிறார்கள். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் குடியேறியவர்களும் அந்தச் சமயத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள். முன்பு தாம்பரத்தில் பஸ் ஏறியவர்கள், 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அங்கே போய் ஏறுகிறார்கள். கும்பல் மட்டும் குறையவில்லை.

குலசையில் நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் பூணுகிறார்கள். குறவன், குறத்தி, குரங்கு, கரடி, பிச்சைக்காரன், போலீஸ்காரன் என்று வேஷங்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றிலும் கடினமானது காளி வேஷம். ஜடாமுடியும் கிரீடமும் பல கைகளுமாக அதன் பளுவே ஒரு மனிதனைச் சாய்த்துவிடும். நாற்பத்தெட்டு நாள், நாற்பத்தோரு நாள் என்று விரதம் இருந்து, மாமிசம் நீக்கி, ஒரு வேளை உணவோடு உடம்பைத் தயார் செய்த பிறகே அதைப் பூண வேண்டும் என்பது விதி. காளி வேஷக்காரரை ஜனங்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை, 'அம்மா' என்கிறார்கள். மீசை வைத்த ஓர் ஆண்பிள்ளையின் காலில் விழுந்து, "அம்மா, என் மகளுக்குக் கலியாணம் கூடுமா?" என்று கேட்கிற பாட்டிமார்களுக்கு அதில் ஒரு விநோதமும் தோன்றுவதில்லை. பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். மறுநாள் காப்புக் களைகிறார்கள். காப்புக் களைந்தவுடன் காளி மறைந்து, லாரி ஓட்டுகிறவரோ மளிகைக் கடைக்காரரோ மிச்சம் நிற்கிறார். இதே ஊரில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். காளிக்கு ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

மலையேறாமலே நின்றுவிட்ட தெய்வமும் நம் பக்கத்தில் உண்டு. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரஸ்தாவில் நேரே தெற்கே சென்றால் மேல்மருவத்தூர். பள்ளி ஆசிரியராயிருந்த பங்காரு அடிகளார் அங்கே அருள்வாக்குச் சொல்லத் தொடங்கினார். பிறகு பக்தர்கள் அவரையே 'அம்மா' என்று அழைத்து, ஆதிபராசக்தியின் அவதாரமாக வணங்கினார்கள். 2023 அக்டோபர் 19-ஆம் தேதி அவர் காலமாகும் வரையில் அந்த அழைப்பு மாறவில்லை. அதற்குப் பின்னும் மாறவில்லை. அவதாரம் என்பதை ஒப்புவதும் ஒப்பாததும் அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஒரு காரியத்தை மட்டும் யாரும் மறுக்க முடியாது. பெண்கள் எல்லா நாட்களிலும், விலக்கு நாட்கள் உட்பட, கர்ப்பக் கிருகத்துக்குள் சென்று தாமே பூஜை செய்யலாம் என்ற வழக்கத்தை அந்தக் கோயில் ஏற்படுத்திற்று. பல சீர்திருத்தச் சபைகள் தீர்மானம் போட்டும் நடவாத காரியம் இது. தாயே உத்தரவிட்ட பிறகு தடுக்க யாரால் முடியும்?

இன்னும் சற்றுக் கிழக்கே, மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். மாசிப் பௌர்ணமியை ஒட்டி, செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து இருளர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே வந்து சேருகிறார்கள். புடவைகளைக் கட்டிக் கூடாரம் போடுகிறார்கள். விடியுமுன் மணலைக் குவித்துப் படி அமைத்து, இலைக் கொத்துகளை நட்டு, கடலை நோக்கிக் கன்னியம்மனை அழைக்கிறார்கள். கல்லில் பல்லவன் செதுக்கிய கோயில் ஒரு பக்கம். அடுத்த அலைவரை நிற்கிற மணல் கோயில் ஒரு பக்கம். தெய்வம் ஒருவர்மேல் இறங்குகிறது. கன்னியம்மனாக அவர் பேசுகிறார். வருஷத்துக் குறைகள் எல்லாம் அப்போது கேட்கப்படுகின்றன; கலியாணங்கள் நிச்சயமாகின்றன; குழந்தைகளுக்குக் காது குத்துகிறார்கள்.

அன்று கன்னியம்மனாக நின்றவர் மறுநாள் எங்கே போகிறார்? செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருளர்களில் ஏராளம். முன்பணம் வாங்கிய பாவத்துக்காகக் கொத்தடிமையாய்க் கிடந்த குடும்பங்களை இந்த ஜில்லாக்களில் அதிகாரிகள் பலமுறை மீட்டிருக்கிறார்கள். ஜாதிச் சான்றிதழுக்கும் மனைப் பட்டாவுக்கும் தாலுகா ஆபீஸ் படியேறி அலுத்தவர்கள் அவர்கள். பாம்பு பிடிப்பதில் அவர்களுக்கு நிகரில்லை என்பதை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் இருந்துகொண்டு, விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தெய்வமாக நின்றபோது வணங்கப்பட்டவர், சாமி மலையேறிய பின் மனிதராகவாவது மதிக்கப்பட வேண்டாமா? மனிதரல்லாதவராய் இருக்கும்போது கிடைத்த மரியாதை, மனிதரானதும் போய்விடுகிறதென்றால், கோளாறு ஆடியவரிடத்தில் இல்லை.

இனி, வீட்டுக்குள் நடக்கிற விஷயத்துக்கு வருகிறோம். திருவிழாவும் இல்லை, பம்பையும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சமையல் அறையில் பெண் ஒருத்தி "நான் காளி" என்கிறாள். மறுநாளும் சொல்கிறாள். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. மகனோ, தன் உடம்பு மிருகமாக மாறிவருகிறது என்று கண்ணாடியைப் பார்த்து அழுகிறான். இரண்டாவது ரகம் மிகவும் அபூர்வம். 1850 முதல் 2012 வரை வெளியான வைத்திய ஏடுகளைத் துருவிய ஒரு டச்சு மனநல வைத்தியர், மனிதன் மிருகமாக மாறுவதாக நம்பிய நோயாளிகள் ஐம்பத்தாறு பேரைத்தான் கண்டார். முதல் ரகம் அப்படி அபூர்வமல்ல. நமக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே இருக்கக்கூடும்.

இங்கே வைத்தியர்கள் சொல்வதற்கும் நம் பூசாரிகள் அறிந்ததற்கும் அதிக தூரம் இல்லை என்பது நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் 'ஆவேச நிலை'யும் ஒரு நோயாக இடம் பெற்றிருக்கிறது. ஆனால் கோயில் சடங்கில், ஊரார் ஏற்றுக்கொண்ட முறையில் வருகிற ஆவேசத்தை அது நோயாகக் கருதவில்லை. தானாக, வேண்டாதபோது வந்து, அந்த ஆளைத் துன்புறுத்தி, அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் அது நோய். சுருங்கச் சொன்னால், மலையேறுகிற சாமி சாமி. மலையேறாமல் வதைப்பது வைத்தியர் பார்க்க வேண்டியது.

அப்படிப்பட்டவர்களை வேப்பிலையால் அடிப்பதும், பிரம்பால் அடிப்பதும், பட்டினி போடுவதும், சங்கிலியால் கட்டுவதும் நம் நாட்டில் வெகுகாலமாக நடந்த காரியங்கள். ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு மனநோயாளிகள் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டு போய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்ல. தாயும் தகப்பனும் அண்ணனும்தான். என்ன செய்வதென்று தெரியாதவர்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுத்திருக்கிறது.

வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால், முதலில் அவள் காளியாகப் பேசும்போது என்ன சொல்கிறாள் என்று கவனமாகக் கேட்க வேண்டும். "என் வாசலில் விளக்கு இல்லை" என்று அம்மன் குறைப்பட்டால், அது கோயில் வாசலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கலிட வேண்டுமானால் இடலாம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப் போடலாகாது. கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரி என்றாலே அவமானம் என்று நினைத்த காலம் போய்க்கொண்டிருக்கிறது; செங்கற்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். புறப்படுவதற்கு முன் யாரிடமாவது யோசனை கேட்க விரும்பினால், 2022 அக்டோபரில் இந்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' டெலிபோன் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். வந்திருப்பது அங்காளியா காளியா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம்.