கண்ணறிந்து அமையும் பணியிடம்

கழுத்து வலிக்குக் கண்ணும் காரணமாகலாம். மேற்பகுதி தொலைவுக்கும் கீழ்ப்பகுதி அருகுக்கும் அமைந்த வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிந்த ஒருவர், கணினித் திரையைக் கீழ்ப்பகுதி வழியே படிக்கிறார். திரை உயரமாக இருந்தால் முகவாயை நிமிர்த்த நேர்கிறது. நாள் முழுதும் அந்நிலை நீடிக்கக் கழுத்து நோகிறது. மருந்து வலியைத் தணிக்கும், காரணத்தை நீக்காது.

இத்தகைய காரணத்தைப் பணியிடத்திலேயே கண்டறிபவர் தகுதிபெற்ற பணிச்சூழலியல் வல்லுநர். இத்துறைக்கு ‘எர்கோனாமிக்ஸ்’ என்னும் பெயரை 1857இல் வழங்கியவர் போலந்து அறிஞர் வோய்ச்சியெக் யஸ்ட்ஷெம்போவ்ஸ்கி. வேலை, விதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

கண் மருத்துவர் பார்வைக் குறையை அளந்து கண்ணாடி தருகிறார். பணிச்சூழலியல் வல்லுநரோ, பணிபுரிபவரை அவரது இருக்கையிலேயே கண்டு, திரையின் உயரம், தொலைவு, எழுத்தின் அளவு, அறையின் ஒளி ஆகியவற்றை ஆராய்கிறார். உயர்ந்த திரையைத் தாழ்த்துகிறார். சன்னல் ஒளி கண்ணைக் கூசச் செய்யாதவாறு திரையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் அமைக்கிறார். திரையை உற்றுநோக்கும்போது இமைத்தல் குறைந்து கண் உலர்கிறது. ஆதலின், 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 நொடிகள் நோக்குமாறு அறிவுறுத்துகிறார். தேவையெனில், திரைப்பணிக்கெனத் தனிக்கண்ணாடி பெற மருத்துவரிடம் அனுப்புகிறார்.

மனிதருக்கு ஏற்பப் பணியை அமைப்பதே இத்துறையின் நெறி. நாற்காலியையும் மேசையையும் போலவே கண்பார்வையும் அவ்வமைப்பில் கருதத்தக்கது.